இங்கே வெயில் இல்லை, அங்கே குளிர் இல்லை

தம்பி,

நேற்று நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கனடாவிலேயே இன்னும் வடக்கே, வருஷத்தில் பாதி மாதம் பனி மூடிக் கிடக்கிற ஓர் ஊரில், லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முழுக்க வெளிவேலை, அதனால் சம்பளம் கூடுதல், கார்த்திகை பிறக்கும் முன் போய்ச் சேர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். நானும் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அங்கன குளிரு இன்னும் கூடுதலால்லா இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "இங்கனயே பழகியாச்சுப்பா, அங்கன போனா மட்டும் என்ன பெரிய குளிரு வந்துரப் போவுது" என்று சிரித்தாய். போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேலை ஓடவில்லை. அந்த வார்த்தை உன்னுடையது அல்ல, உன் அம்மாவுடையது. குளிர் என்ற இடத்தில் வெயில் என்று போட்டால் அப்படியே அவள் பேச்சுத்தான். சிரிப்பும் அதே சிரிப்பு.

போனில் உன்னிடம் பேச எனக்கு வராது. "சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா" என்று நீ கேட்பாய், "சாப்பிட்டேன், போட்டேன்" என்று நான் சொல்வேன், பேச்சு முடிந்துவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் நழுவ முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

நம் வீடு வெயிலில் பிழைத்த வீடு. உனக்குத் தெரியாததா? பங்குனி பிறந்துவிட்டால் கல்லிடைக்குறிச்சியில் உள்ள ஃபேனெல்லாம் என் கடைக்கு வந்து வரிசையில் நிற்கும். செம்புக் கம்பிக் காயில் எரிந்தது, சுற்றாமல் முனகுவது, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய். ஐப்பசி மழையில் ஈ ஓட்டுகிற கடையில் சித்திரையில் சாப்பிட நேரம் இருக்காது. உன் அம்மாவுக்கோ அப்பளம். மழை நாளில் இட்ட அப்பளம் பூசணம் பூத்துப்போகும், வெயில் நாளில் இட்டது சருகாகக் காய்ந்து நிற்கும். ஊரே சூரியனை வைது தீர்க்கிற மாதத்தில் நம் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவள் சட்டம். நீ பள்ளிக்கூடத்து வயதில் ஒரு நாள் மைதானத்திலிருந்து வந்து, பையை எறிந்துவிட்டு, "நாசமாப் போற வெயிலு" என்றாய். அடுப்படியிலிருந்து ஓடிவந்து உன் வாயில் லேசாக ஒன்று போட்டாள். "சோறு போடுததைப் போயி வைவாவளா? கன்னத்துல போட்டுக்கோ" என்றாள். நீயும் மொட்டை வெயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். நான் சிரித்தேன். அதன் பிறகு நீ வெயிலைப் பற்றி ஒரு குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. வெயிலுக்காகச் சொல்லிக்கொடுத்ததை நீ குளிருக்கும் சேர்த்து வைத்துக்கொள்வாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபேன் விஷயமும் அப்படித்தான். அப்பளம் இடுகிற வீட்டில் ஃபேன் போட முடியாது. காற்றுப் பட்டால் மாவு பொருக்குத் தட்டிவிடும், இட்ட வட்டத்தின் ஓரம் வெடித்துவிடும். ஜன்னலையும் சாத்தித்தான் வைக்க வேண்டும். "ஊருல உள்ள ஃபேனை எல்லாம் ஓட வைக்கீரு, ஒம்ம வீட்டு ஃபேன்ல குருவி கூடு கெட்டுது வே" என்று பக்கத்து டீக்கடை அண்ணாச்சி என்னைக் கேலி செய்வார். கட்டத்தான் செய்தது. குஞ்சு பொரித்துப் பறந்தும் போனது. உன் அம்மாவும் அவளோடு சேர்ந்து அப்பளம் இடுகிற இசக்கியம்மாளும் அந்த மூடின அறையில், பலகையும் குழவியுமாக, முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து வேலை பார்ப்பார்கள். வேர்வை மாவில் சொட்டிவிடாமல் இருக்க நெற்றியில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வார்கள். பழகிய காட்சி என்பதால் அது எனக்கு ஒரு கஷ்டமாகவே தெரிந்ததில்லை.

நீ முதன்முதலில் கிளம்பியபோது உனக்குக் குளிருக்குத் துணி எடுக்கத் திருநெல்வேலி டவுணுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ரத வீதிக் கடைக்காரர் அடுக்கின் மேல் மூலையிலிருந்து ஒரு ஸ்வெட்டரையும் ஒரு குரங்குக் குல்லாவையும் எடுத்துத் தூசி தட்டிப் போட்டார். "அண்ணாச்சி, இதைப் போட்டுக்கிட்டு இமயமலையே ஏறலாம்" என்றார். நாங்களும் நம்பினோம். குளிர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது மார்கழியில் ஆற்றில் முதல் முழுக்குப் போடுகிற நேரம் மட்டும்தான். இரண்டாவது முழுக்கில் அது சரியாகிவிடும். உன் அம்மா சுக்குப்பொடியும் தைலமும் ஒரு கட்டு அப்பளமும் வைத்துக் கட்டினாள். "அங்கன அப்பளம் காயுமாய்யா?" என்பதுதான் அந்த நாட்டைப் பற்றி அவள் உன்னிடம் கேட்ட ஒரே கேள்வி. அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு நீ அனுப்பிய படத்தை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். படத்தில் உன் பின்னால் பனி கிடந்தது. "உப்பளம் மாதிரில்லா இருக்கு" என்றாள்.

பிறகு நீ அங்கே லாரிச் சரக்கு இறக்குகிற வேலைக்குப் போய், முதலில் செய்த காரியம் எங்களுக்கு ஏசி வாங்கிப் போட்டது. நல்ல மனசு. ஆனால் அந்த ஏசியின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பொருத்திய மறுநாளே உன் அம்மா பலகையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். பாதி மாவு இடுவதற்குள் அப்பளமெல்லாம் ஓரம் வெடித்து நட்சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. "ஒங்க மவன் ஏசி நல்ல ஏசிதான், அப்பளத்துக்குத்தான் ஆவாது" என்று சொல்லிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்கே வந்துவிட்டாள். ராத்திரி படுக்கவாவது போடலாம் என்றேன். மூட்டு பிடித்துக்கொள்கிறது என்றாள். ஆனால் நீ ராத்திரி வேலை முடிந்து கூப்பிடுகிற நேரம் இங்கே உச்சிப்பொழுது. உன் அழைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, அந்த அறைக்குப் போவாள். ஏசியைப் போடுவாள். "ஏசி ஓடுதாம்மா?" என்று நீ கேட்பாய். போனைத் திருப்பி அதன் பச்சை விளக்கைக் காட்டுவாள். நீ சந்தோஷமாகப் போனை வைத்ததும் அதை அணைத்துவிட்டு மாவைப் பார்க்கப் போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். உன்னை ஏமாற்றுகிறோம் என்று தோன்றவில்லை. உன் மனசு நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

இந்தச் சித்திரையில் என்ன நடந்தது என்று உன்னிடம் நான் சரியாகச் சொல்லவில்லை. காய்ச்சல் என்றேன், தலைக்கு ஏறிவிட்டது என்றேன். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போது உள்ளதைச் சொல்கிறேன், கல்லாக இருந்து படி.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அப்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. கத்திரி வெயில். அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தலைவலி. பித்தம் என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் குடித்தாள். அன்று காலையில் இசக்கியம்மாள், "எக்கா, ஒங்க மேலு காஞ்சு கெடக்கு, வேர்வையே காணுமே" என்றாளாம். "நல்லதாப் போச்சு, மாவுல சொட்டாது" என்று இவள் சிரித்தாளாம். நான் மதியம் சாப்பிட வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "குளிருதுங்க" என்றாள். தொட்டுப் பார்த்தால் அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. ஊரில் அப்போது காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. இதுவும் அதுதான் என்று நினைத்தேன். குளிர்காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? மாத்திரையைக் கொடுத்தேன், படுக்க வைத்தேன். பீரோவைத் திறந்து, நீ போன தடவை வந்தபோது அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்த கம்பளியை எடுத்து, கால் முதல் கழுத்து வரை போர்த்தினேன். அதுவரை அதை ஒரு நாளும் பிரித்ததில்லை. ஜன்னல் சாத்தியே கிடந்தது. ஃபேன் நின்றே கிடந்தது.

அப்போதுதான் உன் போன் வந்தது. நான் எடுத்துச் சொல்லப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டி, போனை வாங்கிக்கொண்டாள். வீடியோவில் வரவில்லை, சார்ஜ் இல்லை என்றாள். நீ வழக்கம்போல, "ஏசி ஓடுதாம்மா?" என்று கேட்டாய். "ஓடுதுய்யா, கம்பளி போத்திக்கிட்டுல்லா படுத்திருக்கேன்" என்றாள். நீ சிரித்துவிட்டு, "கொறச்சு வையிம்மா, சளி பிடிச்சிரும்" என்றாய். உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த கடைசிப் பேச்சு அது. அதில் ஒரு பாதி உண்மை, தம்பி. கம்பளி உண்மை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் பிதற்ற ஆரம்பித்தாள். "மழை வருது, அப்பளத்தை எடுங்க, நனையப் போவுது" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இசக்கியம்மாள்தான் ஓடிவந்து கம்பளியை உருவி எறிந்து, "அய்யோ, வேவுதே, வேவுதே" என்று கத்தினாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் கொண்டுபோனோம். டாக்டர் தொட்டுப் பார்த்ததும், "இது காய்ச்சல் இல்ல, வெயில்" என்றார். உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டார்கள், ஐஸ் வைத்தார்கள், ஃபேன்களை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவள் வாழ்நாளில் அவ்வளவு காற்று வாங்கியது அன்றைக்குத்தான். அதில் ஒரு ஃபேனில் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து கடகடவென்று சத்தம் வந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். மறுநாள் அவளுக்கு விடியவில்லை.

நீ வந்து சேரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பெட்டியின் கண்ணாடி வேர்த்து வேர்த்து அவள் முகம் மறைந்துபோகும். வந்த கோலத்தோடு நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். "அம்மைக்குக் குளிரும்ப்பா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். "வெந்து போனவளுக்கு இப்பல்லா குளுகுளுன்னு இருக்கு" என்று இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ அதை ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டாய். அவள் நடந்ததைத்தான் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படித்துறைக்குப் போனோம். எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்த பிறகு, ஐயர் வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி உன் கையில் கொடுத்தார். ஆற்றுக் காற்று சுழற்றி அடித்தது. தீ சாய்ந்து உன் வலது கை விரல்களின் மேல் படுத்துவிட்டது. நீ கையை இழுக்கவில்லை. வெற்றிலை கருகிச் சுருண்டது, நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாய். "தம்பி, கை, கை!" என்று ஐயர்தான் பதறித் தட்டிவிட்டார். கூட வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெத்தவளுக்காகத் தீயக்கூட தாங்குதான் பாருங்க" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்துதான் போனது, பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து இலை போட்டபோது உன் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கொப்புளம் நிற்பதைப் பார்த்தேன். நீ அதே விரல்களால் கொதிக்கிற ரசத்தைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தாய். உனக்குச் சூடே தெரியவில்லை.

சாயங்காலம் கடையில் வைத்துக் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, போன தையில கொஞ்சம் மரத்துப் போச்சு, அங்கன எல்லாருக்கும் வாரதுதான்" என்றாய். நான் விடவில்லை. கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் ஒவ்வொன்றாக இழுத்தேன். கையுறை நனைந்துவிட்டது, மாற்றுவதற்கு உள்ளே போகவில்லை, லாரிக் கதவின் இரும்பைப் பிடித்துக்கொண்டே நின்றாய், முதலில் வலித்தது, பிறகு வலி நின்றுவிட்டது, வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாய். விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்தது. அந்த மாதம் முழுக்க எங்களிடம் பேசும்போது போனை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையைப் பைக்குள் வைத்திருந்தாய். "அங்கன எப்படிய்யா குளிரு?" என்று உன் அம்மா கேட்டபோது, "குளிரே இல்லம்மா, ஹீட்டர் போட்டா வேர்க்குது" என்று சொன்னாய். உள்ளே போய்க் கையுறையை மாற்றினால் என்ன என்று கேட்டேன். "குளிருதுன்னு சொன்னா, ஊருக்குப் புதுசு, இவன் லாயக்கில்லம்பானுவப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டாய்.

ஆக, அந்தத் தை தொட்டுச் சித்திரை வரை உச்சிப்பொழுதுகளில் நடந்தது என்னவென்றால், வேர்த்து வழிகிற உன் அம்மா இங்கே ஏசிக்குக் கீழே உட்கார்ந்து வெயில் இல்லை என்றாள், விரல் செத்துப்போன நீ அங்கே உட்கார்ந்து குளிர் இல்லை என்றாய், நடுவில் நான் தலையாட்டினேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு போனை வைத்தோம். எனக்கு இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேல், அவள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். என் கடைக்கு வருகிற மோட்டார் சூடு தாங்காவிட்டால் தீய்ந்த நாற்றம் விட்டுத் தெருவையே கூப்பிட்டுவிடும். நம் வீட்டு ஆட்களுக்கு அந்தக் குணம்கூட இல்லை.

நீ திரும்பிப் போன பிறகு ஒரு டாக்டரிடம் உன் விரலைப் பற்றிக் கேட்டேன். நீ இங்கே இருந்தபோதே உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், எழவு வீட்டுக் கூட்டத்தில் தோன்றவில்லை. ஒரு தரம் பனி கடித்த விரலை மறு தரம் சீக்கிரமாகக் கடிக்கும், அடுத்த தரம் விரலே போனாலும் போகும் என்றார். வலிக்கிற வரைக்கும் பயமில்லை, வலி நின்றால்தான் பயப்பட வேண்டும் என்றும் சொன்னார். உன் அம்மாவுக்கும் வேர்வை நின்றபோதுதான் பயந்திருக்க வேண்டும். எனக்கு அது புரிய இத்தனை விலை ஆகியிருக்கிறது. ஆகவே, கையுறை ஈரமானால் அந்த நிமிஷமே உள்ளே போ. மாற்று ஜோடியை மேல்சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். இரும்பைத் தொடாதே. விரல் மரத்தால் தேய்க்காதே, தீயில் காட்டாதே, உனக்குத்தான் தீ தெரியாதே. வெதுவெதுப்பான தண்ணீர் போதுமாம், அதையும் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வலது கையை வை. யாராவது லாயக்கில்லை என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். லாயக்குள்ளவள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவளைத்தான் சித்திரையில் தூக்கிக்கொண்டு போனோம்.

இவ்வளவு பேசுகிறவன் என்ன லட்சணத்தில் இருக்கிறான் என்று கேட்பாய். கேட்க வேண்டியதுதான். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். இந்த வருஷம் காய்வதோடு நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் இறங்கிப் படித்துறையின் கடைசிப் படி வெளியே தெரிகிறது. போன வாரம் கடையில் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். கடைக்குத் தகரக் கூரை, உனக்குத் தெரியும். டீக்கடை அண்ணாச்சி பார்த்துவிட்டு ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். "வே, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு, எந்திரியும் வே, பைய எந்திரியும்" என்று அவர் குரல் கேட்டுக் கண்ணை விழித்தேன். விழித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? 'இதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது.' உன் அம்மா போன வழியைக் கண்ணால் பார்த்தவன் நான், எனக்கே அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கு நீ கூப்பிட்டபோது, "எப்படிப்பா இருக்கீய?" என்றாய். "சும்மா இருக்கேன், இங்கன வெயிலு கொறஞ்சிட்டு" என்றேன். சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இந்தப் பொய் எங்களோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை, உன் கைக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் என் பக்கத்துக் கணக்கை முதலில் நேர் செய்துவிடுகிறேன். இங்கே வெயில் கொடுமையாக இருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை. உச்சிக்கு முன் கடையைச் சாத்திவிடுகிறேன், சாயங்காலம் திறக்கிறேன். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கிறேன், ஈரத்துண்டு கழுத்தில் கிடக்கிறது. இசக்கியம்மாள் இப்போது அவள் வீட்டில்தான் அப்பளம் இடுகிறாள். வெயில் ஏறும் முன் பலகையை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன். "நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்கிறாள், செய்கிறாளா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நம் வீட்டில் இனி மாவு இல்லை, ஆகவே ஃபேன் ஓடுகிறது. இதை எழுதும்போது காகிதம் பறக்கிறது என்று உன் அம்மாவின் அப்பளப் பலகையைத்தான் அதன் மேல் வைத்திருக்கிறேன். அதன் நடுவில் மாவு பட்டுப் பட்டு வெளுத்த வட்டம் அப்படியே இருக்கிறது. குருவிக் கூட்டைப் பைய எடுத்து மாடத்தில் வைத்தேன், குருவி திரும்பி வரவில்லை.

வடக்கே போகாதே, தம்பி. பெரிய மனுஷத்தனமாக 'உன் இஷ்டம்' என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. போகாதே. அந்தச் சம்பளம் நமக்கு வேண்டாம். இப்போது இருக்கிற இடத்தில் கூரைக்குக் கீழே ஒரு வேலை பார், கிடைக்காவிட்டால் ஊருக்கு வா, இந்த வெயிலை இரண்டு பேருமாகத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உன் அம்மா இல்லை, வாயில் போட ஆள் இல்லை. நான் சொல்லியும் நீ போவாய் என்றால் உன்னைக் கட்டிப்போட என்னால் முடியாது. நீ அவள் பிள்ளை, சொன்னால் கேட்கிற ரத்தம் அல்ல. எதைச் செய்தாலும் எனக்குத் தெரிந்து செய்.

இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவேன். நாளை உச்சிப்பொழுதுக்கு நீ கூப்பிடும்போது ஏசி அறையில் இருப்பேன். ஏசி நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீ கூப்பிடுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே போட்டிருப்பேன், நீ வைத்த பிறகும் அணைக்கமாட்டேன். எப்படி இருக்கீய என்று நீ கேட்டால் உள்ளதைச் சொல்வேன். நீ எப்போதும்போலச் சிரிப்பாய். உன் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது, அது அவள் சிரிப்பு, அதை நான் இனி நம்பமாட்டேன். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் கையைக் காட்டு.

அப்பா